காப்பிப் பழத்தில் துளை, துளைக்குள் பூசணம்
(வானொலி உரை)

காப்பி போட்டிருப்பவர்கள் அடுத்த தடவை தோட்டத்துக்குப் போகும்போது ஒரு காயைக் கையில் எடுத்து அதன் நுனியைப் பாருங்கள். தொப்புள் மாதிரி இருக்கிற இடத்தில் குண்டூசி குத்தியது போல ஓட்டை இருக்கிறதா? இருந்தால் காய்த் துளைப்பான் வந்துவிட்டது என்று அர்த்தம். ஆப்பிரிக்காவைச் சேர்ந்த இந்தப் பூச்சியை நம் நாட்டில் முதலில் கண்டது 1990-ல், நீலகிரி மாவட்டம் கூடலூர்ப் பக்கத்தில்.

இது எள்ளைவிடச் சின்னக் கருவண்டு. பறந்து வருவது பெண் வண்டுதான். ஆணுக்குப் பறக்க வராது. பிறந்த பழத்துக்குள்ளேயே அதன் காலம் முடிந்துவிடும். பெண் வண்டு பருப்பைக் குடைந்து முட்டையிடும், புழுக்கள் பருப்பையே தின்று வளரும்.

"வண்டு தின்றது போக மீதி நமக்குத்தானே" என்று சிலர் சொல்வதுண்டு. அங்கேதான் மோசம் போகிறோம். வண்டின் உடம்பில் பூசண வித்துகள் ஒட்டிக்கொண்டு வருகின்றன. ஓட்டை வழியாக ஈரமும் உள்ளே போகிறது. அஸ்பெர்ஜில்லஸ் இனப் பூசணங்களில் சில, ஓக்ராடாக்சின் என்ற நஞ்சை உண்டாக்கும். அது சிறுநீரகத்துக்கு ஆகாது. வறுத்தாலும் முழுசாகப் போகாது. ஐரோப்பிய நாடுகளில் இதற்கு உச்ச வரம்பு வைத்திருக்கிறார்கள். வரம்பு மீறிய சரக்கை அங்கே விற்க முடியாது.

அதனால் பறிப்பு முடிந்ததும் செடியில் ஒரு பழம்கூட விடக்கூடாது. கீழே சிந்தியதையும் பொறுக்கிவிடுங்கள். அடுத்த பருவத்துக்கு வண்டு காத்திருப்பது அதில்தான். பறிக்கும்போதே செடிக்கடியில் சாக்கு விரித்தால் பொறுக்குகிற வேலை பாதி குறையும். துளை விழுந்த பழங்களைக் கொதிக்கிற வெந்நீரில் இரண்டு மூன்று நிமிஷம் முக்கி எடுங்கள். குப்பைக்குழியில் அப்படியே கொட்டினால் வண்டு மறுபடி கிளம்பிவிடும்.

மண் தரையில் காயப்போடவே வேண்டாம். சிமெண்டுக் களம் இல்லாவிட்டால் தார்ப்பாய் போதும். மெல்லிசாகப் பரப்பி, அடிக்கடி கிளறி, சாயந்திரம் பனி இறங்குமுன் மூடிவையுங்கள். பார்ச்மெண்டு காப்பியில் ஈரம் நூற்றுக்குப் 10, செர்ரியில் 11-க்கு மேல் இருக்கக்கூடாது.

பூசணம் எல்லாமே விரோதி என்றும் நினைக்காதீர்கள். துளை வாயில் வெள்ளைப் பொடி பூத்துச் செத்த வண்டைப் பார்த்திருப்பீர்கள். அது பவேரியா பூசணத்தின் வேலை. அதைத் தெளிப்பவர்கள் போர்டோ கலவை அடித்த கையோடு தெளிக்க வேண்டாம். அந்த மருந்துக்கு நல்ல பூசணம், கெட்ட பூசணம் தெரியாது.