குட்டி ரயில் சொல்லித் தந்த பாடம்



புந்தோங் வட்டாரத்தில் வாழும் நமக்கு ரயில் புதிதன்று. ஈப்போ நிலையம் பக்கத்திலேயே இருக்கிறது. நம் பாட்டன்மாரில் பலர் தண்டவாளத்தில் உழைத்தவர்கள். இந்நாட்டின் முதல் ரயிலும் நம் பேராக்கில்தான் ஓடியது. 1885ஆம் ஆண்டு ஜூன் முதல் நாள், தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்டுக்கு, சுமார் எட்டு மைல் தூரம். அந்தப் பாதை இன்று இல்லை. 2010 முதல் ஈப்போவிலிருந்து கோலாலம்பூருக்கு மின்சார ரயில் ஓடுகிறது. பழைய சரக்கு வேகன் எப்படி இருக்கும் என்று கேட்டால் பிள்ளைகளுக்குத் தெரிவதில்லை.

ஆகவே பள்ளியில் ஒரு முயற்சி செய்தோம். வேகனின் பாகங்களை அட்டையில் வெட்டி, செய்முறைத் தாளுடன் ஓர் உறையில் போட்டுக் கொடுத்தால், எந்தத் தோட்டப் பள்ளிப் பிள்ளையும் ஒட்டிச் சேர்த்து ஓட்டிப் பார்க்கலாம் அல்லவா?

முதலில் அளவு. கடையில் விற்கும் சிறிய தண்டவாளம் ஒன்றின் அகலம் 9 மில்லிமீட்டர். நம் ரயில் பாதையின் அகலம் ஒரு மீட்டர், அதாவது 1000 மில்லிமீட்டர். 1000ஐ 9ஆல் வகுத்தால் ஏறத்தாழ 111. எளிமைக்காக 110 என்று வைத்துக்கொண்டோம். 11 மீட்டர் நீளமுள்ள வேகன் 10 சென்டிமீட்டராகிறது. ஐரோப்பாவில் பெரும்பாலான பாதைகளின் அகலம் 1435 மில்லிமீட்டர். அதே 9 மில்லிமீட்டர் தண்டவாளத்துக்கு அவர்கள் 160இல் ஒரு பங்காகச் செய்கிறார்கள். அவர்களுடைய வேகனை நம்முடையதோடு சேர்த்தால் பொருந்தாது. நம் பாதைக்கு நாமே கணக்குப் போட வேண்டும்.

கச்சாங் பூத்தே கடையில் கேட்டு வாங்கிய அட்டைப் பெட்டிகளில் வெட்டிப் பழகினோம். பிறகு மணிலா அட்டையில் முதல் வேகனைச் செய்தோம். நேர்ப்பாதையில் அழகாக ஓடியது. வளைவு வந்ததும் கவிழ்ந்தது. பத்து முறை ஓட்டினோம். பத்து முறையும் அதே கதை. தண்டவாள இணைப்பில்தான் கோளாறு என்று எண்ணி அதையே திருத்திக்கொண்டிருந்தோம்.

கடைசி வரிசையில் உட்காரும் ஒரு மாணவன் சொன்னான்: “சார், டிரெய்லர் லாரி வளைவுல முன்பக்கம் தனியா திரும்புது. இதுல எல்லா சக்கரத்தையும் ஒன்னா ஒட்டிட்டோமே.”

அதுதான் உண்மை. நீண்ட வேகனின் நான்கு அச்சுகளும் அசையாமல் இருந்தால், வளைவில் சக்கர விளிம்பு தண்டவாளத்தில் உரசி மேலே ஏறிவிடும். பெரிய ரயிலிலும் இரண்டிரண்டு அச்சுகளைத் தனிச் சட்டத்தில் பொருத்தி, அது திரும்பும்படி வைத்திருக்கிறார்கள். நாங்களும் அவ்வாறே இரு சட்டங்கள் செய்து, ஊசியால் கோத்தோம். வளைவில் ஓடியது.

பின்னால் தள்ளினால் மீண்டும் விழுந்தது. அட்டை வேகனுக்குப் பாரம் போதவில்லை. சில இரும்பு நட்டுகளைக் கூரையில் வைத்தோம்; சாய்ந்தது. அடித்தளத்தில் ஒட்டினோம், நின்றது. பாரம் தாழ்ந்திருந்தால்தான் வண்டி நிலைக்கும்.

அடுத்து, இதைச் செய்யாத பிள்ளைகளிடம் உறையைக் கொடுத்து, வாய் திறவாமல் பார்த்திருந்தோம். பாதியில் திகைத்து நின்றார்கள். கூரையை ஒட்டச் சொன்ன பிறகு, உள்ளே பாரத்தை வைக்கச் சொல்லியிருந்தது எங்கள் தாள்! வழி தெரிந்த எங்களுக்கு அந்தப் பிழை கண்ணில் படவேயில்லை.

எஞ்சினுக்கு 12 வோல்ட் மோட்டார் பொருத்திய அடிச்சட்டத்தை வாங்கிக்கொண்டோம். நீராவி எஞ்சினின் தண்டுகளை அட்டையில் செய்வது கடினம். ஆகவே டீசல் எஞ்சின் கூட்டை மட்டும் வடிவமைத்தோம். முதல் கூடு சக்கரத்தில் உரசியது. ஓரத்தைச் சற்றே வெட்டியதும் ஓடியது.

தொழிற்சாலைகளிலும் முதலில் ஒரு மாதிரி செய்து சோதிப்பது இதற்காகத்தான். அட்டையில் செய்த பிழைக்குச் சில காசுதான் நட்டம். அச்சு வார்த்த பின் தெரியும் பிழைக்குப் பெருந்தொகை போகும்.

பெற்றோர்களே, அந்த மாணவன் தேர்வில் குறைந்த புள்ளிகளே பெறுபவன். படிப்பு ஏறாது என்று வீட்டில் முடிவு கட்டியிருந்தார்கள். உண்மையைச் சொன்னால், நாங்களுந்தான். எங்கள் கண்ணுக்குத் தெரியாத கோளாறு அவன் கண்ணுக்குத் தெரிந்தது. உங்கள் பிள்ளை ஒரு பொருளைக் கழற்றிப் போட்டால், உடனே கை ஓங்காதீர்கள். “ஏன் ஓடவில்லை, கண்டுபிடித்தாயா?” என்று ஒரு முறை கேட்டுப் பாருங்கள்.