கல்வெட்டும் கறியமுதும்



பெரியபுராணம் வரலாறா, புனைவா, நம்பிக்கையா? சிறுத்தொண்டர் புராணம் ஒன்றையே கொண்டு இவ்வினாவை ஆராய்வோம்.

சிறுத்தொண்டர் தம் மன்னனுக்காக வாதாபியை வென்றார் என்கிறார் சேக்கிழார். ஏறத்தாழக் கி.பி. 642-இல் முதலாம் நரசிம்மவர்மப் பல்லவன் அந்நகரைக் கைப்பற்றினான். அவன் கல்வெட்டு அவ்வூர்ப் பாறையில் உள்ளது. சிறுத்தொண்டரைத் திருஞானசம்பந்தரும் பெயர் சுட்டிப் பாடியுள்ளார். ஆகவே, போர் நிகழ்ந்தமையும் அடியார் வாழ்ந்தமையும் வரலாற்றின்பாற்படும். படை நடத்தியவர் அவரே என்பதைச் சேக்கிழார் ஏறத்தாழ 500 ஆண்டுகள் கழித்து உரைக்கிறார். அதனை ஆய்ந்தே கொள்ளல் வேண்டும்.

அதே புராணம், அடியார் வேடத்தில் வந்த இறைவனுக்கு அவர் தம் மகனைக் கறியாக்கிப் படைத்ததையும், அழைத்தபோது அம்மகன் பள்ளியினின்று வருபவன்போல் ஓடிவந்ததையும் கூறுகிறது. இதற்குக் கல்வெட்டுத் தேடுவார் எவருமிலர். எனினும், திருச்செங்காட்டங்குடியில் சித்திரைப் பரணியன்று அமுது படையல் விழா இன்றும் நடைபெறுகிறது. அங்குக் கூடுவோர் சான்று கேட்டு வந்தவரல்லர். அருள் நாடி வந்தவர்.

பல சமய மாணவர் ஒருங்கே அமரும் நம் வகுப்பறையில், “இது உண்மையில் நடந்ததா?” என ஒரு மாணவர் வினவக்கூடும். “கேளாதே” என அடக்குதலும் தவறு. “பொய்” என நகைத்தலும் தவறு. எச்செய்திக்கு எவ்வகைச் சான்று உண்டு எனப் பகுத்துக் காட்டுவதே ஆசிரியர் கடன். ஏற்பதும் மறுப்பதும் அம்மாணவரின் உரிமை.