சொந்த நிலத்தில் இரும்புக் கட்டடம்: பணம் எங்கே போகிறது?

(தொலைக்காட்சிக் கலந்துரையாடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

தொழிற்சாலையில் செய்து, லோரியில் ஏற்றி வந்து பொருத்தும் இரும்புக் கட்டடத்தைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். நெறியாளர் முதலில் கேட்டது, "ஐயா, சதுர அடிக்கு எவ்வளவு ஆகும்?" இந்தத் தொழிலில் இருக்கும் எனக்கு வரும் தொலைபேசி அழைப்புகளில் முக்கால்வாசி இந்தக் கேள்விதான். நம்மவர்கள் ஏமாறுவதும் இந்த இடத்தில்தான்.

கிள்ளான் வட்டாரத்தில் எனக்குப் பழக்கமான அண்ணன் ஒருவர், லோரி பழுது பார்ப்பவர். 55 வயதில் ஊழியர் சேமநிதிப் பணம் கைக்கு வந்தது. அப்பா விட்டுப்போன நிலத்தில் 40க்கு 60 அடியில் பட்டறை போட நினைத்தார். ஒரு குத்தகையாளர் மலிவாக விலை சொன்னார். பாதிப் பணத்தைக் கொடுத்துவிட்டார். இரண்டு மாதம் கழித்து என்னைக் கூப்பிட்டு, "தம்பி, இரும்பு வந்திருச்சு, நிக்க வைக்க இடமில்ல" என்றார்.

போய்ப் பார்த்தேன். தூணும் உத்தரமும் நீலக் கித்தானுக்கு அடியில் கிடந்தன. விலைப் பட்டியலின் கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில், "நிலவேலை, அடித்தளம், தரை, அனுமதிச் செலவு நீங்கலாக" என்று இருந்தது. குத்தகையாளர் பொய் சொல்லவில்லை. இவர் படிக்கவில்லை.

நிலப் பட்டாவை வாங்கிப் பார்த்தேன். பயன்பாடு 'விவசாயம்' என்று இருந்தது. 1965 தேசிய நிலச் சட்டப்படி அத்தகைய நிலத்தில் உரிமையாளர் குடியிருக்க வீடு கட்டலாம், விவசாயத்துக்குத் தேவையான கொட்டகை போடலாம். லோரிப் பட்டறை நடத்த முடியாது. நில அலுவலகத்தில் விண்ணப்பித்து நிலப் பயன்பாட்டை மாற்ற வேண்டும்; அதற்குப் பிரீமியம் கட்ட வேண்டும். இது மாநிலத்துக்கு மாநிலம் மாறும். சில இடங்களில் இந்தத் தொகை இரும்பின் விலையையே எட்டிப் பிடிக்கும். ஆகவே இரும்புக் கடைக்குப் போகுமுன் நில அலுவலகத்துக்குப் போங்கள்.

அடுத்து ஊராட்சி மன்றம். 'பொருத்தும் கட்டடம்தானே, கழற்றி எடுத்துவிடலாம், அனுமதி எதற்கு?' என்று சொல்பவர்கள் உண்டு. 1974ஆம் ஆண்டு சாலை, வடிகால், கட்டடச் சட்டம் அந்த வாதத்தை ஏற்காது. திட்ட அனுமதியும் கட்டட வரைபட ஒப்புதலும் வேண்டும். வேலை முடிந்ததும் கட்டடக் கலைஞரோ பொறியாளரோ சி.சி.சி. சான்றிதழில் கையெழுத்திட வேண்டும். 2007ஆம் ஆண்டு முதல் இந்தப் பொறுப்பு அவர்களுடையது. எனவே அவர்களின் கட்டணத்தையும் கணக்கில் முதலிலேயே எழுதிக்கொள்ளுங்கள்.

இப்போது மண்ணுக்கு வருவோம். கிள்ளான், பந்திங், தெலுக் இந்தான் பக்கமெல்லாம் மெத்தென்ற கடற்களிமண். கிந்தா பள்ளத்தாக்கில் ஈய லம்பம் தோண்டி நிரப்பிய நிலமாக இருந்தால், மேலே மணலும் கீழே சேறும் இருக்கக்கூடும். இரும்புக் கட்டடம் எடை குறைவு, அடித்தளம் சிறிதாக இருந்தால் போதும் என்று நினைக்காதீர்கள். எடை குறைவாக இருப்பதால்தான் புயற்காற்று கூரையை மேலே இழுக்கும். தூணைத் தாங்குவதற்கு மட்டுமல்ல, பறக்காமல் பிடித்து வைக்கவும் கான்கிரீட் வேண்டும். மெக்கிண்டாஷ் சோதனை என்று ஒன்று உண்டு. கம்பியைச் சுத்தியால் அடித்து இறக்கி, மண் எவ்வளவு கெட்டி என்று பார்ப்பார்கள். மற்ற செலவுகளோடு ஒப்பிட்டால் மிகச் சொற்பம். அதைச் செய்யாமல் யார் விலை சொன்னாலும் அது ஊகம்தான்.

தரையையே எடுத்துக்கொள்ளுங்கள். 40க்கு 60 என்றால் 2,400 சதுர அடி. லோரி ஏறும் தரைக்கு 6 அங்குலக் கனம் வைத்தால் 1,200 கன அடி, அதாவது 34 கன மீட்டர் கான்கிரீட். 6 கன மீட்டர் லோரியில் ஆறு நடை. இதில் கம்பி வலை, மண் நிரப்புதல், உருளை ஓட்டுதல் எதுவும் சேரவில்லை. அதே அளவு கூரையில் 50 மில்லி மீட்டர் மழை விழுந்தால் சுமார் 11 ஆயிரம் லிட்டர் தண்ணீர். அது பக்கத்து நிலத்தில் போய் நின்றால் சண்டைதான். கால்வாய்க்கும் பணம் ஒதுக்குங்கள்.

இரும்பைப் பற்றி எனக்குச் சொல்ல அதிகமில்லை. அதைத்தான் எல்லாரும் விசாரிக்கிறார்களே! கூரைத் தகட்டில் மட்டும் கவனம் வையுங்கள். பூச்சோடு சேர்த்து 0.48 மில்லி மீட்டர் என்றால் உள்ளே இரும்பு 0.42 அளவில்தான் இருக்கும். இரு விலைகளை ஒப்பிடும்போது இருவரும் எந்தக் கணக்கைச் சொல்கிறார்கள் என்று கேளுங்கள். விலைக்குக் காலக்கெடு உண்டு. 2021இல் உலகெங்கும் இரும்பு விலை ஏறியபோது, பழைய விலையை நம்பியிருந்த பலர் திண்டாடினார்கள். வரியையும் கேளுங்கள்: 2025 ஜூலை 1 முதல், குறிப்பிட்ட வருமான வரம்பைத் தாண்டிய குத்தகையாளர்கள் கட்டுமானச் சேவைக்கு 6 விழுக்காடு சேவை வரி வசூலிக்க வேண்டும்.

பணத்தைக் கட்டம் கட்டமாகக் கொடுங்கள். அடித்தளம் முடிந்து போல்ட்டுகள் சரியான இடத்தில் நிற்கிறதா என்று பொறியாளர் பார்த்த பிறகு இரும்புக்குக் கொடுங்கள். கடைசி 5 விழுக்காட்டை ஒரு மழைக்காலம் கடக்கும்வரை கையிலேயே வைத்திருங்கள்.

அந்த அண்ணனுக்கு அனுமதிகள் கிடைக்க இரண்டு ஆண்டுகள் ஆயின. அதற்குள் சேமநிதிப் பணம் கரைந்து, முழுக் கட்டடத்துக்கும் அடித்தளம் போட வழியில்லை. இவ்வகைக் கட்டடம் 20 அடிக்கு ஒரு சட்டமாக வருவதால் ஒரு வழி பிறந்தது. பொறியாளர் வரைபடத்தைத் திருத்திக் கொடுத்தார், ஒப்புதலும் கிடைத்தது. மூன்று பகுதியில் இரண்டை மட்டும் எழுப்பி, பின்னால் நீட்டிக்கும்படி கடைசிச் சுவரைக் கழற்றக்கூடிய தகரமாக வைத்தோம். பட்டறை இப்போது நடக்கிறது. மீதி இரும்புக்குத் துருப்பிடிக்காத பூச்சு அடித்து, பின்பக்கம் கட்டைமேல் அடுக்கி வைத்திருக்கிறார்.