சுவர் எழுப்பும் கைக்குச் சான்றிதழ் வேண்டும்



இன்று சம்பளப் பேச்சைச் சற்றுத் தள்ளி வைத்து, கல் கட்டு வேலை பற்றிப் பேசுவோம். மேசன் வேலைக்குக் கொழும்புக்குப் போன பிள்ளை இல்லாத லயம் நம் தோட்டங்களில் உண்டா?

போகும்போது கையாள். சாந்து குழைத்து, கல் சுமந்து, பாஸ் பக்கத்தில் நின்றே வேலை பிடிக்கிறான். ஐந்தாறு வருடத்தில் தனியாக மூலை கட்டுகிறான். மூலைதான் இந்தத் தொழிலின் உயிர். 3 அடி, 4 அடி அளந்து, குறுக்கே 5 அடி வருகிறதா என்று பார்க்க வேண்டும். இரண்டு மூலையையும் தூக்குக்குண்டு விட்டு ஏற்றிய பிறகுதான் நடுவில் நூல் கட்டிக் கல் வைப்பது. கீழ் வரிசை இணைப்புக்கு நேர் மேலே அடுத்த இணைப்பு வந்தால் அந்தக் கோட்டிலேயே சுவர் பிளக்கும். செங்கல்லை நனைக்காமல் வைத்தால் அது சாந்தின் தண்ணீரைக் குடித்துவிடும், சீமெந்து இறுகாது. ஒரே நாளில் 5 அடிக்கு மேல் ஏற்றினால் அடிச்சாந்து நசுங்கும். நம் மலைநாட்டு மழையில், மாலையில் சுவர்த்தலையை மூடாமல் வந்தால் பாதிச் சாந்து கானில்தான்.

இதெல்லாம் கை கற்றது, கொழுந்தெடுக்கும் அம்மாவின் விரலைப் போல.

ஆனால் நமக்கு வீடு கட்டும்போது இந்தப் பிள்ளைகளை யாரும் கேட்பதில்லை. ஒரு தோட்டத்தில் குடியேறி ஒரு மழைக்காலம் முடியவில்லை, ஜன்னல் மூலையில் வெடிப்பு. நகத்தால் கீறினால் சாந்து மாவாக உதிர்ந்தது. சீமெந்து குறைவு, கட்டிய பிறகு தண்ணீரும் ஊற்றவில்லை என்று நம் பிள்ளைகள் பார்த்தவுடனே சொன்னார்கள். சொல்லி என்ன? சான்றிதழ் இல்லாதவன் கையாள்தானாம்.

அதற்கு வழி இருக்கிறது. பல வருடம் வேலை செய்தவர்கள் வகுப்புக்குப் போகாமலே, முன் அனுபவத்தை வைத்துத் தேசிய தொழில் தகைமைச் சான்றிதழுக்கு மதிப்பீடு கேட்கலாம். நைட்டாவும் தொழிற்பயிற்சி அதிகார சபையும் இதைச் செய்கின்றன. வேலை செய்த இடங்களில் கடிதம் வாங்கி வையுங்கள். கடிதம் தர மறுக்கும் முதலாளி பெரும்பாலும் சேமலாப நிதியும் கட்டியிருக்க மாட்டார். அவர் பங்கு 12 சதவீதம். அதை நாம் தனியாகக் கேட்போம்.

தீபாவளிக்குப் பிள்ளைகள் வீட்டுக்கு வருவார்கள். பெயர், செய்த வேலை, எத்தனை வருடம் என்று தோட்டத் தலைவரிடம் எழுதிக் கொடுக்கச் சொல்லுங்கள். பெண் பிள்ளைகளையும் விடாதீர்கள். பூச்சு வேலை தெரிந்த இரண்டு பேர் இந்தக் கூட்டத்திலேயே இருக்கிறார்கள்.