சதுரங்கத்தில் மகளிர்
(ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



மகளிர் சதுரங்கத்திற்கும் நாம் வந்து குடியேறிய இப்பெங்களூருக்கும் ஓர் உறவு உண்டு. நம் நாட்டின் முதல் தேசிய மகளிர் சதுரங்கப் போட்டி 1974 ஆம் ஆண்டில் இந்நகரில்தான் நடைபெற்றது. வென்றவர் பம்பாயைச் சேர்ந்த வாசந்தி காடில்கர். அவரும், தங்கையர் ஜெயஸ்ரீ, ரோகிணி இருவரும் முதற் பத்தாண்டுக் காலம் அப்பட்டத்தைத் தம் வீட்டிற்கு வெளியே விடவில்லை. 1976 இல், 13 வயதே நிரம்பிய ரோகிணி ஆடவர் போட்டியில் ஆட முன்வந்தபோது பெரும் எதிர்ப்பு எழுந்தது. வழக்கு உயர்நீதிமன்றம் வரை சென்றது. உலகச் சதுரங்கக் கூட்டமைப்பின் தலைவர் மாக்ஸ் யூவ், பெண் என்பதற்காக எவரையும் தடுத்தல் கூடாது எனத் தீர்ப்பளித்தார்.

ஆட்டத்தின் தொடக்கம் பற்றியும் சிறிது கூறுவோம். 'கிங்ஸ் இந்தியன்' என்றொரு தற்காப்பு முறை உண்டு. வெள்ளை, இராணியின் முன்னுள்ள காலாளை இரண்டு கட்டம் தள்ளும். கருப்பு அதற்கு நேர் நின்று மோதாது. அரசன் பக்கத்துக் குதிரையை வெளியே எடுக்கும். அக்குதிரை நின்ற இடத்திற்கு முன்னுள்ள காலாளை ஒரே கட்டம் நகர்த்தி, அதன் பின்னே மந்திரியை அமர்த்திக் கோட்டை கட்டிக்கொள்ளும். (நம் பாட்டனார் மந்திரி என்றது இன்றைய இராணியை, இன்று பிள்ளைகள் மந்திரி என்பது வேறு காய்.) நடுக்களம் வெள்ளைக்கே போய்விட்டதெனக் காண்போர் எண்ணுவர். பின்னரே கருப்பின் காலாட்கள் அங்குப் பாய்ந்து உடைக்கும். நம் பழைய ஆட்டத்தில் காலாள் முதல் நடையிலும் ஒரு கட்டமே செல்லும். எனவே இவ்வாறு அடங்கித் தொடங்குதல் நம்மவர்க்கு இயல்பாயிற்று. 19 ஆம் நூற்றாண்டின் நடுவில் கல்கத்தாவில் ஜான் காக்ரேன் என்பாருடன் மகேஷ் சந்திர பானர்ஜி ஆடிய ஆட்டங்களே 'இந்தியன்' என்னும் பெயருக்குக் காரணம் என்பர்.

தமிழ்ப் பெண்கள் இதில் பின்தங்கினாரல்லர். சென்னையின் விஜயலட்சுமி சுப்பராமன் 2001 இல் இந்தியாவின் முதல் மகளிர் கிராண்ட்மாஸ்டர் ஆனார். அவர் தங்கை மீனாட்சியும் பின்னர் அப்பட்டம் பெற்றார். வைஷாலியை நீவிர் அறிவீர்.

இனி நம் வீட்டுக் கதை. சென்ற ஆண்டு நம் சங்கச் சதுரங்கப் போட்டிக்குப் பெயர் கொடுக்க ஒரு சிறுமி வந்தாள். "உனக்குக் கோலப் போட்டி இருக்கிறதே, அம்மா" என்று திருப்பியனுப்பினோம். அனுப்பியவருள் யாமும் ஒருவர். அவள் ஒன்றும் பேசவில்லை. மாலை முழுவதும் பலகையருகே நின்று பிறர் ஆடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அன்றிரவு எமக்கு உறக்கம் பிடிக்கவில்லை.

இவ்வாண்டு ஆண், பெண் இருபாலார்க்கும் ஒரே பட்டியல் எனச் செயற்குழு இசைந்துள்ளது. பட்டியல் வாயிலருகே உள்ள மேசைமேல் இருக்கிறது. முதல் வரியை அச்சிறுமிக்கென வெறுமையாக விட்டிருக்கிறோம்.