கட்டியவன் ஏமாளியா?
கடன் தள்ளுபடியும் கனவான்களின் உபதேசமும்

(ராசிபுரம் வட்டாரத்தில் விவசாயிகளும் விசைத்தறித் தொழிலாளர்களும் கூடிய கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



இந்தக் கூட்டத்துக்கு வருகிற வழியில் டீக்கடையில் ஒரு பெரியவர் நம்மைப் பிடித்துக்கொண்டார். மரவள்ளி போடுகிறவர், மூன்று ஏக்கர் மேட்டாங்காடு. அவர் கேட்டார்: "ஏனுங்க, சொசைட்டியில வாங்குன கடனை எருமையை வித்துக் கட்டுனேன். கட்டாம இருந்தவனுக்குத் தள்ளுபடி வந்துச்சு. அப்போ கட்டுனவன் ஏமாளிங்களா?"

இந்தக் கேள்வியைச் சிரித்துத் தட்டிவிடக் கூடாது. "அதெல்லாம் முதலாளிகள் கிளப்பிவிட்ட பேச்சு" என்று ஒதுக்கவும் கூடாது. கேட்டவர் முதலாளி அல்ல. நம்மில் ஒருவர். அவருடைய வயிற்றெரிச்சல் உண்மையானது. ஆகவே இன்று நாம் பேசப்போவது அவருக்குச் சொல்ல வேண்டிய பதிலைத்தான்.

அவர்கள் சொல்வது என்ன?

முதலில், தள்ளுபடி கூடாது என்கிறவர்களின் வாதத்தைக் கோணாமல் எடுத்துச் சொல்வோம். 2017 ஏப்ரலில் ரிசர்வ் வங்கி கவர்னராக இருந்த உர்ஜித் படேல், விவசாயக் கடன் தள்ளுபடி நாணயமாகக் கடன் அடைக்கும் வழக்கத்தைக் கெடுக்கிறது என்றார். அதற்கு முந்தைய மாதம் ஸ்டேட் வங்கியின் தலைவர் அருந்ததி பட்டாச்சார்யாவும் இதே பொருள்படப் பேசினார். அவர்கள் வாதம் மூன்று. ஒன்று: இன்று மன்னித்தால் நாளைக்கும் மன்னிப்பார்கள் என்று காத்திருப்பார்கள். இரண்டு: தள்ளுபடிக்குப் பணம் வானத்திலிருந்து விழுவதில்லை, வரி கட்டுகிறவன் தலையில்தான் விழும். மூன்று: கடன் திரும்பாத ஊரில் வங்கி அடுத்த தடவை கையை மூடிக்கொள்ளும்.

இந்த வாதம் இங்கே பிறந்ததல்ல. அமெரிக்காவில் 2008-ல் இது பெரிய அளவில் எழுந்தது. அங்கே வீட்டை அடமானம் வைத்துக் கடன் கொடுத்தார்கள். சம்பளம் எவ்வளவு, கட்ட முடியுமா என்று சரியாகப் பார்க்காமல் கொடுத்தார்கள். ஏன் பார்க்கவில்லை? கொடுத்தவன் அந்தக் கடனைத் தன் கையில் வைத்திருக்கவில்லை. ஆயிரக்கணக்கான கடன் பத்திரங்களை ஒரே மூட்டையாகக் கட்டி, "இது உத்தமமான சரக்கு" என்று முத்திரை குத்தி, உலகமெங்கும் விற்றுவிட்டான். கமிஷன் அவனுக்கு, நஷ்டம் வாங்கியவனுக்கு. வீட்டு விலை ஏறுகிற வரையில் இந்த ஆட்டம் நடந்தது. விலை சரிந்ததும் மூட்டை அவிழ்ந்தது. 2008 செப்டம்பர் 15-ல் லேமன் பிரதர்ஸ் என்ற 158 வயதுக் கம்பெனி மஞ்சள் கடுதாசி கொடுத்தது.

உடனே அமெரிக்க சர்க்கார் வங்கிகளைத் தூக்கிவிட 70,000 கோடி டாலர் கேட்டது. செப்டம்பர் 29-ல் பிரதிநிதிகள் சபை அதை 228-க்கு 205 என்ற கணக்கில் தோற்கடித்தது. எதிர்த்து ஓட்டுப் போட்டவர்களில் 133 பேர் ஜனாதிபதி புஷ்ஷின் சொந்தக் கட்சிக்காரர்கள், பழமைவாதிகள். "லாபம் வந்தால் தனியாருக்கு, நஷ்டம் வந்தால் ஊருக்கா?" என்பதே அவர்கள் பேச்சின் சாரம். தோழர்களே, இந்தக் கேள்வியை நாமும் கேட்கிறோம்! அதைக் கேட்டதற்காக அவர்களைக் குறை சொல்ல முடியாது. ஆனால் நான்கே நாளில், அக்டோபர் 3-ல், அதே சபை அதே திட்டத்தை நிறைவேற்றியது. வங்கிகள் தப்பின.

அடுத்த ஆண்டு பிப்ரவரியில், வீடு போகும் நிலையில் இருந்த குடும்பங்களுக்குத் தவணையைக் குறைக்க ஒரு திட்டம் வந்தது. அப்போதுதான் உண்மையான கூக்குரல் கேட்டது. சிக்காகோ வியாபாரச் சந்தையின் நடுவில் நின்றுகொண்டு ஒரு தொலைக்காட்சிக்காரர், "பக்கத்து வீட்டுக்காரன் கடனை நாம் ஏன் கட்ட வேண்டும்?" என்ற பாணியில் முழங்கினார். சுற்றி நின்ற வியாபாரிகள் ஆரவாரம் செய்தார்கள். லட்சக்கணக்கான குடும்பங்கள் வீட்டை இழந்தன. கொள்கை இருவருக்கும் ஒன்றுதான் என்றார்கள். வங்கிக்கு நான்கு நாளில் வளைந்த கொள்கை, குடிசைக்கு மட்டும் நிமிர்ந்து நின்றது.

சேலத்து மனிதர் செய்த சட்டம்

இனி நம் மண்ணுக்கு வருவோம். தள்ளுபடி என்றாலே சோம்பேறிகளின் கோரிக்கை என்கிறவர்களுக்கு நாம் ஒரு பெயரை ஞாபகப்படுத்துகிறோம்: ராஜாஜி. சேலத்தில் வக்கீல் தொழில் செய்தவர்; 1917-ல் சேலம் நகரசபைத் தலைவரானவர்; 1925-ல் திருச்செங்கோட்டுக்கு அருகே புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமம் தொடங்கியவர். 1959-ல் சுதந்திராக் கட்சியைக் கண்டவரும் அவர்தான். சர்க்கார் தலையீடு கூடாது, பெர்மிட்-லைசென்ஸ் ராஜ்யம் ஒழிக என்று முழங்கிய கட்சி அது. இந்த நாட்டின் பழமைவாதிகளுக்கு அவரைவிடப் பெரிய ஆசான் யார்?

அந்த ராஜாஜி சென்னை மாகாணத்தின் பிரதமராக இருந்தபோது, 1938-ல், விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டத்தைக் கொண்டுவந்தார். அதில் என்ன இருந்தது? 1932 அக்டோபர் 1-க்கு முன் விவசாயி வாங்கிய கடனாக இருந்தால், 1937 அக்டோபர் 1 வரையில் நின்ற வட்டி பாக்கி முழுவதும் ரத்து. அசல் மட்டும் கட்டினால் போதும். அசலைப் போல இரண்டு மடங்கு ஏற்கெனவே கட்டியிருந்தால் கடனே தீர்ந்துபோயிற்று. நூறு ரூபாய் வாங்கி இருநூறு கட்டியவன் ஒரு தம்பிடியும் தர வேண்டியதில்லை. அதற்குப் பிந்திய கடனுக்கு நூற்றுக்கு 5 வட்டி. இனி ஓடும் வட்டிக்கு உச்சவரம்பு நூற்றுக்கு ஆறேகால்.

லேவாதேவிக்காரர்கள் சும்மா இருக்கவில்லை. எழுதிக்கொடுத்த பத்திரத்தைச் சட்டம் கிழிக்கலாமா என்று கேட்டார்கள். பிராமிசரி நோட்டில் கை வைக்க மாகாண சட்டசபைக்கு அதிகாரம் உண்டா என்ற வழக்கு கூட்டாட்சி நீதிமன்றம் வரைக்கும் போயிற்று. சட்டம் நின்றது.

ஒரு பழமைவாதி ஏன் இதைச் செய்தார்? 1929-ல் அமெரிக்காவில் தொடங்கிய பெருமந்தம் இங்கே நெல்லையும் நிலக்கடலையையும் பருத்தியையும் அடித்தது. விளைபொருள் விலை ஏறக்குறைய பாதியாகச் சரிந்தது. பத்து மூட்டை விற்றுக் கட்டியிருக்க வேண்டிய கடனுக்கு இருபது மூட்டை விற்க வேண்டி வந்தது. விவசாயி குடிக்கவில்லை, சூதாடவில்லை. பத்திரத்தில் எழுதிய எண் அப்படியே இருக்க, அவன் பண்டத்தின் விலை மட்டும் இறங்கிற்று. அந்த நஷ்டம் முழுவதும் கடன் வாங்கியவன் தலையிலேயே விழுவது நியாயமல்ல என்பதை ராஜாஜியும் ஒப்புக்கொள்ள வேண்டி வந்தது. இதுதான் கடன் நிவாரணத்தின் நியாயம். தன் கையில் இல்லாத காரணத்தால் விழுந்தவனைத் தூக்கிவிடுகிறோம்.

இன்று நிலைமை மாறிவிட்டதா? மரவள்ளியைப் பாருங்கள். ஆலைக்காரர் மாவுச்சத்துப் பாயிண்ட் பார்த்து விலை சொல்கிறார். பாயிண்டையும் அவரே அளக்கிறார், விலையையும் அவரே சொல்கிறார். பத்து மாதம் காத்துப் பிடுங்கிய கிழங்கை வீட்டில் வைத்துக்கொள்ள முடியுமா? ஆலை வாசலில் வண்டியை நிறுத்தியவன் சொன்ன விலைக்குத் தலையாட்ட வேண்டியதுதான். 2020-ல் ஊரடங்கு வந்தது. நாமக்கல் லாரிகள் பட்டறையிலும் சாலையோரத்திலும் நின்றன. தவணையை ஆகஸ்ட் வரை தள்ளிவைக்கலாம் என்று ரிசர்வ் வங்கி அனுமதித்தது. ஆனால் லாரி நின்றாலும் வட்டி நிற்கவில்லை. வட்டிக்கு வட்டி மட்டுமே பின்னால் திருப்பித் தரப்பட்டது.

யாருக்கு எவ்வளவு?

கணக்குக்கு வருவோம். 2021 பிப்ரவரியில் தமிழ்நாடு சர்க்கார் கூட்டுறவுப் பயிர்க்கடன் 12,110 கோடி ரூபாயைத் தள்ளுபடி செய்தது. பயன் பெற்றவர்கள் 16 லட்சத்து 43 ஆயிரம் விவசாயிகள். தலைக்குச் சராசரி எழுபத்து நாலாயிரத்துக்கும் சற்றுக் குறைவு. "கஜானா காலி" என்று அன்று எத்தனை கண்ணீர் வடித்தார்கள்!

2023-ல் பார்லிமெண்டில் மத்திய சர்க்கார் தந்த விவரம் இது: 2014-15 முதல் ஒன்பது ஆண்டுகளில் வணிக வங்கிகள் கணக்கிலிருந்து நீக்கிய வராக்கடன் 14 லட்சத்து 56 ஆயிரம் கோடி ரூபாய். அதில் பெரிய தொழில்களும் சேவைக் கம்பெனிகளும் வாங்கியது மட்டும் 7 லட்சத்து 40 ஆயிரம் கோடி. 12,110 கோடியைப் போல் அறுபத்தோரு மடங்கு! ஒன்று ஒரு மாநிலக் கணக்கு, மற்றது நாட்டுக் கணக்கு என்பது நமக்குத் தெரியும். ஆனால் அங்கே 16 லட்சம் குடும்பங்கள். இங்கே பெரிய கம்பெனிகள்.

"அது தள்ளுபடி அல்ல, கணக்கிலிருந்து நீக்கம், வசூல் தொடரும்" என்பார்கள். உண்மைதான், அதை நாம் மறைக்கவில்லை. வசூல் எவ்வளவு? அதே ஒன்பது ஆண்டுகளில் நீக்கிய கடன்களிலிருந்து திரும்பியது 2 லட்சத்து 4 ஆயிரம் கோடி சொச்சம். ஏழில் ஒரு பங்கு! மீதிப் பள்ளத்தை யார் நிரப்பியது? 2017 அக்டோபரில் பொதுத்துறை வங்கிகளுக்கு 2 லட்சத்து 11 ஆயிரம் கோடி மூலதனம் ஊட்டும் திட்டத்தை மத்திய சர்க்கார் அறிவித்தது. பெரும்பகுதி சர்க்கார் கடன் பத்திரம். அந்தப் பத்திரத்துக்கு வட்டி கட்டுவது நீங்களும் நாமும்தான், வாங்கும் சோப்பிலும் தீப்பெட்டியிலும்.

நம் பக்கத்துக் குறைகள்

தோழர்களே, எதிரியின் கணக்கை மட்டும் பார்ப்பது யோக்கியமல்ல. நம் பக்கத்தையும் பார்ப்போம். 2008-ல் மத்திய சர்க்கார் செய்த விவசாயக் கடன் தள்ளுபடியைத் தணிக்கை அதிகாரி சோதித்தார். பார்த்த கணக்குகளில் நூற்றுக்கு 22-ல் கோளாறு. தகுதியுள்ளவன் விடுபட்டிருந்தான், தகுதியற்றவன் வாங்கியிருந்தான். 2021-ல் ஐந்து சவரன் நகைக் கடன் தள்ளுபடி வந்தபோது, ஒரே ஆள் பல கடன் வாங்கியதும், போலி நகை வைத்ததும் கூட்டுறவுச் சங்கங்களில் வெளிப்பட்டன. இப்படித் தின்றவர்கள் யார்? சொசைட்டி நிர்வாகத்தைக் கையில் வைத்திருந்தவர்களும் அவர்கள் வேண்டியவர்களும். எருமையை விற்ற நம் பெரியவர் அல்ல!

இன்னொரு குறை இதைவிடப் பெரியது. தள்ளுபடி சொசைட்டியில் கடன் வாங்கியவனுக்குத்தான். பட்டா இல்லாத குத்தகைக்காரனுக்குச் சொசைட்டியில் கடன் கிடைப்பதே அரிது. பள்ளிப்பாளையத்துத் தறித் தொழிலாளிக்கு வாரவட்டிக்காரனும் குழுக் கடன் கம்பெனியும்தான் வங்கி. 2025 ஜூலையில் பள்ளிப்பாளையத்தில் என்ன வெளிவந்தது? கடன் சுமையில் சிக்கிய தறித் தொழிலாளர்களிடமிருந்து சிறுநீரகத்தை வாங்கி விற்கும் தரகர் கூட்டம். கந்துவட்டிக்கு எதிரான சட்டம் 2003-லேயே இந்த மாநிலத்தில் வந்துவிட்டது. சட்டம் புத்தகத்தில் இருந்தது. சிறுநீரகம் சந்தையில் இருந்தது. "கடன் ஒழுக்கம்" பேசுகிற கனவான்களே, இந்தத் தொழிலாளியைவிட ஒழுக்கமாகக் கடன் கட்டியவனை நீங்கள் பார்த்ததுண்டா?

எப்படித் தூக்கிவிடுவது?

காவிரிக்கு அக்கரையில் கரூர். அங்கே 1926-ல் வியாபாரிகள் சேர்ந்து தொடங்கிய லட்சுமி விலாஸ் வங்கி, வராக்கடனில் மூழ்கி 2020 நவம்பரில் சிங்கப்பூர் டி.பி.எஸ். வங்கியின் இந்தியத் துணை நிறுவனத்தோடு இணைக்கப்பட்டது. டெபாசிட் போட்டவன் பணம் தப்பியது. பங்குதாரருக்கு ஒரு காசு கிடைக்கவில்லை. சிறு பங்குதாரர்கள் கலங்கினார்கள், அது வேதனைதான். ஆனால் ஒரு பாடம் உண்டு. தூக்கிவிடுவதா வேண்டாமா என்பதோடு கேள்வி முடிவதில்லை. யாரைத் தூக்கிவிடுகிறோம், யாரிடம் நஷ்டத்தை விடுகிறோம் என்றும் கேட்க வேண்டும். சேமித்தவனையும் உழைத்தவனையும் காப்பாற்று. சூதாடிய நிர்வாகம் நஷ்டத்தை ஏற்கட்டும். சிறியவனுக்கும் பெரியவனுக்கும் இதே அளவுகோல் வேண்டும்.

இப்போது டீக்கடைப் பெரியவருக்குப் பதில் சொல்வோம்.

ஐயா, நீங்கள் ஏமாளி அல்ல. கட்டியவனைத் தண்டிக்கிற தள்ளுபடி அரைகுறைத் தள்ளுபடிதான். அதே பருவத்தில் அதே சேதத்தைத் தாங்கிக்கொண்டு தவணை கட்டியவனுக்கும் அதற்கீடான சலுகை உண்டு என்று நாம் கேட்க வேண்டும். தள்ளுபடிப் பட்டியலைச் சொசைட்டி வாசலில் ஒட்டி, கிராம சபையில் படிக்க வேண்டும் என்று கேட்க வேண்டும். குத்தகைக்காரனுக்கும் தறித் தொழிலாளிக்கும் கந்துவட்டிக்கு மாற்றாகப் பொதுத்துறைக் கடன் வேண்டும். பெரிய கம்பெனிகளின் நீக்கப்பட்ட கடன் விவரத்தைப் பெயரோடு வெளியிட வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, மரவள்ளிக்குக் கட்டுப்படியான விலையும், பாயிண்டை அளக்க ஆலைக்காரரைச் சேராத ஆளும் வேண்டும். விலை கிடைத்தால் தள்ளுபடி கேட்டு எவன் வரிசையில் நிற்கப்போகிறான்?

ஆனால் ஐயா, ஒன்றை மட்டும் யோசித்துப் பாருங்கள். உங்கள் எருமை போனது பக்கத்துக் காட்டுக்காரனுக்குத் தள்ளுபடி கிடைத்ததால் அல்ல. நீங்கள் கட்டிய அன்று அவனுக்குத் தள்ளுபடி வரவில்லை. கிழங்கு விலைதான் விழுந்திருந்தது. அவனும் அதே விலையில்தான் விற்றான். அவனிடம் விற்பதற்கு எருமை இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம். உங்கள் இருவரையும் சண்டைக்கு விட்டுவிட்டு, லட்சக்கணக்கான கோடிகளை ஓசைப்படாமல் கணக்கிலிருந்து அழிப்பதுதான் சாமர்த்தியசாலிகளின் வேலை. அதற்கு நீங்களும் இடம் கொடுக்காதீர்கள், அவனும் கொடுக்க வேண்டாம். அடுத்த வாரம் சொசைட்டியில் பட்டியல் கேட்கப் போகும்போது இரண்டு பேரும் சேர்ந்தே வாருங்கள். நாமும் வருகிறோம்.