கோடு கீறும் நாளில் யாரையும் காணோம்



2025 பெப்ரவரி 27 ஒன்ராறியோ மாகாணத் தேர்தல். ஸ்காபரோவின் கிழக்குக் கரையில் குடியிருப்பவர் அன்று வாக்களித்த தொகுதி ஸ்காபரோ–ரூஜ் பார்க். ஏப்ரல் 28 மத்திய தேர்தல். அதே வீடு, அதே கதவிலக்கம். தொகுதியோ ஸ்காபரோ–கில்ட்வுட்–ரூஜ் பார்க். மாகாணம் பழைய எல்லையிலேயே நின்றது, ஒட்டாவா புதிய எல்லைக்குப் போய்விட்டது. பெயர் நீண்டதைக் கண்டவர்கள் ரொறன்ரோவில் ஓர் இருக்கை குறைந்ததைக் கண்டார்களா? 2015 முதல் ஆறு தொகுதிகள் முழுதாக ஸ்காபரோவுக்குள் இருந்தன, இன்று ஐந்து. ஆறாவது டொன் வலி ஈஸ்ற்றுடன் பங்கு.

உடனே கோப்பிக் கடையில் ஒரு தீர்ப்பு: எங்கள் தமிழ்ச் சனம் திரண்டிருப்பது பிடிக்காமல் வெட்டிவிட்டார்கள்!

சதி என்றால் என்னவென்று இந்த நாட்டின் வரலாறே காட்டும். 1882இல் பிரதமர் ஜோன் ஏ. மக்டோனால்டின் அரசு ஒன்ராறியோவின் எல்லைகளை மாற்றியது. லிபரல் ஆதரவு ஊர்களைப் பொறுக்கிச் சில தொகுதிகளுக்குள் அடைத்துவிட்டால் சுற்றியுள்ளவை தன் கட்சிக்கு லேசாகும் என்பதே கணக்கு. போட்டியிடுகிறவனே மைதானத்துக்கும் கோடு போட்ட அந்தக் காலம் 1964 வரை நீண்டது. அந்த ஆண்டுச் சட்டம் வேலையை மாகாணத்துக்கு ஓர் ஆணைக்குழுவிடம் கொடுத்தது. இன்று அதில் மூவர். தலைவராக ஒரு நீதிபதியை மாகாணப் பிரதம நீதியரசர் நியமிப்பார். மற்ற இருவரைச் சபாநாயகர் தெரிவுசெய்வார். எம்.பி.க்கள் ஆட்சேபிக்கலாம், முடிவு ஆணைக்குழுவினுடையது.

ஸ்காபரோ–ரூஜ் ரிவர் தொகுதியை எடுத்துக்கொள்வோம். 1988 முதல் 2011 வரை அது லிபரல் கட்சியின் டெரெக் லீயிடம் இருந்தது. 2011இல் என்.டி.பி.யின் ராதிகா சிற்சபேசன் வென்றார். கனடியப் பாராளுமன்றத்துக்குப் போன முதல் தமிழர் அவர். அடுத்த தேர்தலில் அந்தத் தொகுதியே இல்லை. அவருக்காகவா அழித்தார்கள்? இல்லை. நாடு முழுவதும் இருக்கைகள் 308இலிருந்து 338 ஆயின, ஒன்ராறியோவில் மட்டும் 106 இருந்த இடத்தில் 121. மாகாணமெங்கும் எல்லைகள் அசைந்தன. ரூஜ் ரிவர், ஸ்காபரோ நோர்த் என்றும் ரூஜ் பார்க் என்றும் பிரிந்தது; மால்வேர்ன் குடியிருப்பின் ஒரு பகுதி ரூஜ் பார்க்குக்குப் போனது. 2015இல் ராதிகா நோர்த்தில் தோற்றார், ஹரி ஆனந்தசங்கரி ரூஜ் பார்க்கில் வென்றார். சதிக்காரர் யாராவது இருந்திருந்தால், மகா மோசமான சதிக்காரர்.

இந்தமுறை இருக்கையைக் கொண்டுபோனது வகுத்தல் கணக்கு. 2021 குடிசன மதிப்பீட்டின்படி ஒன்ராறியோவில் தொகுதிக்குச் சராசரி 116,590 பேர். ரொறன்ரோ நகரில் 2,794,356 பேர். வகுத்தால் 24க்கு மயிரிழை குறைவு. முன்பு இருந்தது 25. ஐந்தாண்டில் மாகாணம் 5.8 வீதம் வளர, நகரம் 2.3 வீதமே வளர்ந்தது. கோபப்படத்தான் வேண்டுமென்றால் பிரின்ஸ் எட்வர்ட் தீவைப் பாருங்கள்: 154,331 பேருக்கு நாலு எம்.பி.க்கள்! செனட்டர்களின் எண்ணிக்கைக்குக் கீழே எம்.பி.க்களின் எண்ணிக்கை இறங்கக்கூடாது என்று 1915இல் அரசியலமைப்பில் எழுதிவைத்த சலுகை அது.

இனிக் கசப்பான விசயம். மாகாணத்துக்கு எத்தனை இருக்கை என்று முடிவுசெய்யும்போது, எண்ணப்படாமல் விடுபட்டவர்களுக்கும் சேர்த்துத் திருத்திய மதிப்பீட்டை எடுக்கிறார்கள். மாகாணத்துக்குள் கோடு கீறும்போது அந்தத் திருத்தம் இல்லை. எண்ணப்பட்ட தலைதான் தலை. அகதிக் கோரிக்கையாளர், மாணவர், வேலை அனுமதியில் வந்தவர் எல்லாரும் அந்தக் கணக்கில் சேர்த்திதான். ஆனால் பேஸ்மென்டில் ஒரு குடும்பத்தை வைத்துக்கொண்டு, படிவத்தில் மேல்வீட்டு ஆட்களை மட்டும் எழுதுகிற வீட்டுக்காரர் இல்லையா? வாடகை விசயம் வரி அலுவலகத்துக்குப் போய்விடும் என்ற பயம்! அந்தத் தகவலை வரிக்காரருக்குக் கொடுப்பதைப் புள்ளிவிவரச் சட்டம் தடுக்கிறது. இழந்த இருக்கை முழுவதும் பேஸ்மென்டுகளில் ஒளிந்திருக்கிறது என்று எவரும் சொல்லவில்லை. ஆனால் கோடு எந்தத் தெருவில் விழும் என்பதை அந்த விடுபட்ட தலைகள் மாற்றும்.

தலைக்கணக்கோடு சட்டம் நிற்கவில்லை. ஒரே நலனோ அடையாளமோ உள்ள சமூகம், தொகுதியின் பழைய வடிவம் ஆகியவற்றையும் ஆணைக்குழு பார்க்கவேண்டும். சராசரியிலிருந்து 25 வீதம் கூடலாம், குறையலாம். மால்வேர்ன் பிள்ளைகள் எந்தப் பள்ளிக்குப் போகிறார்கள், தாய்மார் எந்த பஸ்ஸில் கோயிலுக்குப் போகிறார்கள் என்பதெல்லாம் அங்கே சாட்சியம். அதைக் கேட்கத்தான் முதல் வரைபு வந்தபிறகு பகிரங்க அமர்வு வைக்கிறார்கள். முன்கூட்டி அறிவித்தால் எவரும் பேசலாம்.

2031 கணக்கெடுப்புக்குப் பிறகு புதிய ஆணைக்குழு உட்காரும். ஒன்றுகூடலுக்கும் இராப்போசனத்துக்கும் வருசக்கணக்கில் முன்பே மண்டபம் பிடிக்கிற ஊர்ச்சங்கங்கள், அந்த அமர்வில் வரைபடத்தை விரித்துப் பேசத் தெரிந்த இரண்டு பேரையும் இப்போதே தேடிப் பிடிக்கட்டும்.